எலிப்பெட்டிக்கு மார்க் போடுவது யார்? டெல்டா உணவுக் கூடங்களில் பூச்சிக் கட்டுப்பாட்டு வெளி மதிப்பீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் அரிசி ஆலை, மாவு மில், ஹோட்டல், இறால் கூடம் நடத்துகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. முதல் எட்டு வருடம் முதுகில் பம்ப் மாட்டிக்கொண்டு நானே மருந்து அடித்தேன். அதற்குப் பிறகு, மற்றவர்கள் அடித்ததைப் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஆகவே இரண்டு பக்கத்துத் தில்லுமுல்லும் ஓரளவு தெரியும்.

வெளி மதிப்பீடு என்று இங்கே சொல்வது இதைத்தான்: உங்களுக்கு மருந்து அடிக்கும் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத ஒருவர் வந்து, எலி, பூச்சி, பறவை உள்ளே வராமலிருக்க நீங்கள் செய்திருக்கும் ஏற்பாடு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்வது.

மாசா மாசம் ஆள் வருகிறார், மருந்து அடிக்கிறார், பில்லும் கட்டுகிறோம். இன்னொருவர் எதற்கு?

வருகிற அந்தப் பையனின் ஒரு நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் பாபநாசத்தில் ஒரு மாவு மில், அப்புறம் வலங்கைமானில் ஒரு கல்யாண மண்டபம், மதியத்துக்குள் உங்கள் ஆலை, சாயங்காலம் கும்பகோணத்தில் இரண்டு ஹோட்டல். எல்லாம் பைக்கில். உங்கள் ஆலையில் 40 எலிப்பெட்டி (எலி மருந்தோ பொறியோ வைக்கும் பெட்டி) இருக்கிறது, அவரிடம் இருப்பதோ 20 நிமிஷம். பெட்டிக்கு அரை நிமிஷம், அதிலும் நடை நேரம் வேறு. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. நீங்கள் பேரம் பேசிக் குறைத்த தொகைக்கு அவ்வளவுதான் நேரம் கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தக்காரர் விற்பது மருந்தையும் ஆள் வரவையும். "சார், உங்க பின்பக்க ஷட்டர்ல இரண்டு விரல் இடைவெளி இருக்கு, அதை அடைக்காம நான் எத்தனை தடவை வந்தாலும் பிரயோஜனம் இல்லை" என்று அவர் சொல்வது அபூர்வம். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், அடுத்த வருடம் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போகும் என்கிற பயம். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் வெளி ஆள்.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பார்க்கிறாரே, அது போதாதா? சட்டம் இதைக் கேட்கிறதா?

அலுவலர் பார்ப்பது வேறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் 2011இல் வந்த உரிம, பதிவு விதிமுறைகளில் நான்காம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஓட்டை, சாக்கடை வழியாகப் பூச்சி நுழையாதபடி அடைக்கவோ வலை போடவோ வேண்டும், கால்நடை, பறவைகளை உள்ளே விடக் கூடாது, எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தோம் என்ற பதிவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. அலுவலர் கட்டடம், தண்ணீர், வேலையாட்களின் சுத்தம், லேபிள் என்று எல்லாவற்றையும் ஒரே வருகையில் பார்க்க வேண்டியவர். பூச்சிக்கு என்று அவருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது.

பூச்சிக் கட்டுப்பாட்டை மட்டும் தனியாக வெளி ஆளை வைத்து மதிப்பிட வேண்டும் என்று அந்த அட்டவணை கேட்கவில்லை. 2018இல் வந்த உணவுப் பாதுகாப்புத் தணிக்கை விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற வெளி நிறுவனங்கள் தணிக்கை செய்வதும் முழுக் கூடத்துக்கானது. தனி மதிப்பீட்டைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குபவர்கள். பிஆர்சி என்ற வெளிநாட்டு உணவுத் தரச்சான்று வாங்கிய கூடமானால், வருடத்துக்கு ஒரு தடவையாவது நிபுணரை வைத்து ஆழமான பூச்சி ஆய்வு நடத்தி எழுத்தில் வைத்திருக்க வேண்டும். ஏற்றுமதி செய்யாத உள்ளூர் ஆலை என்றால் கட்டாயம் இல்லை. வண்டோடு மூட்டை திரும்பி வரும்போது கட்டாயம் தானாக வந்துவிடும்.

யாரைக் கூப்பிடுவது?

ஒரு கேள்வி கேட்டால் பாதி தெரிந்துவிடும்: "பார்த்துவிட்டு நீங்களே இந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வீர்களா?" ஆமாம் என்று தலையாட்டுகிறவர் மதிப்பீட்டாளர் இல்லை. போட்டி நிறுவனம் இலவசமாகச் செய்து தரும் ஆய்வும் இந்த வகைதான். அதில் கண்டிப்பாகக் கரப்பான் இருக்கும், அதற்குக் கொட்டேஷனும் பின்னாலேயே வரும். உங்கள் ஒப்பந்த நிறுவனமே அனுப்பும் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் நல்லவராக இருக்கலாம், ஆனால் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

படிப்பு என்று பார்த்தால் வேளாண்மையில் பூச்சியியல் படித்தவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சம் கிடையாது. ஆனால் வயல் பூச்சி தெரிந்தவருக்கு எல்லாம் சேமிப்புப் பூச்சி தெரியும் என்று நினைக்காதீர்கள். சிவப்பு மாவு வண்டையும் அரிசிக் கூன்வண்டையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். கூன்வண்டுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி மூக்கு நீண்டிருக்கும், முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். மாவு வண்டால் நல்ல முழு மணியை ஒன்றும் செய்ய முடியாது, உடைந்த நொய்யும் தவிடும் மாவும்தான் அதற்குச் சாப்பாடு. கூன்வண்டு வந்தால் பிரச்சினை நீங்கள் வாங்கிய சரக்கிலோ பழைய இருப்பிலோ இருக்கிறது. மாவு வண்டு வந்தால் உங்கள் இயந்திரத்தைக் கூட்டிப் பெருக்குவதில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாதவர் எல்லாவற்றுக்கும் மருந்தையே எழுதித் தருவார்.

வருபவர் என்னதான் பார்ப்பார்?

நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். மற்றவர்கள் வரிசையை மாற்றலாம்.

முதலில் உள்ளே போக மாட்டேன். காம்பவுண்டை வெளியிலிருந்து ஒரு சுற்று. டெல்டாவில் பாதி ஆலைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடும், வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவே உமிக்குவியல் இருக்கும். அந்தக் கரையில் எலி வளை இருக்கிறதா, வளை வாயில் புதுமண் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஈர மண் உருண்டை உருண்டையாக வெளியே கிடந்தால் நேற்று ராத்திரிதான் தோண்டியிருக்கிறது. சிலந்தி வலை கட்டியிருந்தால் காலி வீடு.

அடுத்தது கதவு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே பென்சில் போனால் சுண்டெலிக்குட்டியும் போகும். அதற்கு 6 மில்லிமீட்டர் போதும். எலிக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். ஷட்டரின் நடுவில் எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் ரப்பர் தேய்ந்து மடிந்திருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

உள்ளே வந்தால் மூட்டை அட்டி. சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தால் என் வேலை அங்கேயே நின்றுவிடும், ஏனென்றால் பின்னால் யாராலும் போக முடியாது. எலியைத் தவிர. சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம் வேண்டும்.

அப்புறம் எலிவேட்டர் குழி, அதாவது நெல்லை மேலே ஏற்றும் இயந்திரத்தின் அடிப்பள்ளம். நான் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான். மேல் தளம் டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருக்கும், குழிக்குள் ஆறு மாத நொய்யும் தவிடும் ஈரத்தோடு கெட்டியாகிக் கிடக்கும். கை விட்டு ஒரு பிடி எடுத்துச் சல்லடையில் சலித்து வெள்ளைத் தாளில் கொட்டுவேன். ஓனரையும் கூடவே நிற்கச் சொல்வேன். தாளின் மேல் வண்டுகள் நாலாபக்கமும் ஓடுவதை அவரே பார்த்தால் நான் பக்கம் பக்கமாக எழுதத் தேவையில்லை. தவிட்டு அறையில் மூலைகளில் நூலாம்படை மாதிரி தொங்கினால் அது சிலந்தியா அரிசி அந்துப்பூச்சிப் புழுவின் கூடா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புழு கட்டிய நூலில் தவிட்டுத் துகள் ஒட்டி அடைஅடையாக இருக்கும்.

விளக்குப் பொறி, அதாவது ஊதா வெளிச்சத்தில் பூச்சியை இழுத்துப் பசை அட்டையில் ஒட்டவைக்கும் பெட்டி, இது ஒரு டைரி மாதிரி. ஒப்பந்தக்காரர் அட்டையை மாற்றிவிட்டுக் குப்பையில் போடுகிறார். அதைப் படிக்க வேண்டும். ஐப்பசி மாதத்தில் அட்டை முழுக்கப் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் ஒட்டியிருந்தால் அவை வயலிலிருந்து வந்தவை. அரிசிக்கு அவற்றால் ஆபத்தில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் கதவு திறந்திருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. அதே அட்டையில் அந்துப்பூச்சி ஒட்டியிருந்தால் உள்ளேயே எங்கோ உற்பத்தி ஆகிறது. பொறியின் குழல்விளக்கு பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், பூச்சியை இழுக்கும் ஊதாக்கதிர் குறைந்துபோயிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய தேதி அதன்மேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

கடைசியாக ராத்திரி. மில் ஓட்டம் நின்று விளக்கை அணைத்த பிறகு ஒரு மூட்டை மேல் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். போன் பார்க்காமல். பகலில் நான்கு மணி நேரம் தேடியது பல சமயம் அந்த அரை மணியில் தானாக நடந்து வரும்.

எங்கள் ரெஜிஸ்டரில் வருடம் முழுக்க "நில்" (ஒன்றும் இல்லை) என்றுதான் இருக்கிறது. நல்லதுதானே?

எனக்கு அதைப் பார்த்தால்தான் பயம்.

மன்னார்குடி பக்கம் ஓர் ஆலை. வரைபடத்தில் 36 பெட்டி, மாதம் இரண்டு தடவை சோதனை, எல்லாக் கட்டத்திலும் "நில்", ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. 14ஆம் எண் பெட்டி வடக்குச் சுவரோரம் என்று இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே நெல் அட்டி. லோடுமேன்கள் முணுமுணுத்துக்கொண்டே அறுபது மூட்டையை நகர்த்தினார்கள். அடியில் பெட்டி இருந்தது, நசுங்கி. மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டில் கடைசிக் கையெழுத்து 14 மாதத்துக்கு முந்தியது. எலி மருந்துக் கட்டி பச்சைப் பூஞ்சை பூத்துப் பொடியாகியிருந்தது, பக்கத்தில் காய்ந்து தட்டையான ஒரு பல்லி. ரெஜிஸ்டரிலோ அதற்குப் பிறகு 28 தடவை அந்தப் பெட்டி திறக்கப்பட்டு, பார்க்கப்பட்டு, "நில்" போடப்பட்டிருந்தது. அதில் ஒரு தேதி மாட்டுப் பொங்கல். அன்று ஆலையில் ஆளே கிடையாது, கேட்டுக்குப் பூட்டு. ஓனர் முதலில் சிரித்தார். பிறகு அந்த வருடத்துப் பில்களை எடுத்து வரச் சொன்னார்.

சுற்றிலும் வயல், பின்னால் வாய்க்கால், உள்ளே ஆயிரக்கணக்கான மூட்டை நெல். இப்படிப்பட்ட இடத்தில் வருடம் முழுக்க ஒரு எலிகூட ஒரு பெட்டியைக்கூட மோந்து பார்க்கவில்லை என்றால் யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்று அர்த்தம். உண்மையான ரெஜிஸ்டர் ஏறி இறங்கும். 3ஆம் பெட்டியில் தை மாதம் இரண்டு சுண்டெலி, அடுத்த தடவை மூன்று, எதிரே "ஷட்டர் ரப்பர் மாற்றப்பட்டது" என்று ஒரு வரி, அதற்கடுத்த தடவை பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தை நம்பலாம்.

கிடப்பது எலிப்புழுக்கையா, பல்லி எச்சமா?

இதைக் கேட்காத ஹோட்டல்காரர் இல்லை. பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். சுண்டெலிப் புழுக்கையில் வெள்ளை இருக்காது, அரிசி மணி அளவு, இரண்டு முனையும் கூர்மை. பெரிய எலியுடையது ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகும். புதிது மெத்தென்று பளபளப்பாக இருக்கும், பழையது சாம்பல் பூத்து, குச்சியால் அழுத்தினால் பொடியாகும். கையால் தொடாதீர்கள். பார்த்த பிறகு பெருக்கிவிட்டு மறுநாள் அதே இடத்தைப் பாருங்கள். புதிதாக விழுந்திருந்தால் எலி இன்னும் குடியிருக்கிறது.

வருடத்தில் எந்த மாதம் கூப்பிடுவது நல்லது?

முடிந்தால் இரண்டு தடவை. ஐப்பசி கார்த்திகையில் ஒன்று, சம்பா அறுவடை முடிந்து மாசி வாக்கில் ஒன்று.

காரணம் நம் ஊரின் தண்ணீர்க் கணக்கு. ஜூன் 12 மேட்டூர் திறக்கும் தேதி என்று வைத்துக்கொண்டால் குறுவை புரட்டாசி வாக்கில் அறுவடைக்கு வரும், கையோடு வடகிழக்குப் பருவமழையும் பிடித்துக்கொள்ளும். வரப்பு வளைகளுக்குள் தண்ணீர் ஏறினால் எலிக்கு மேடு வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மேடு என்பது ரோடும் உங்கள் குடோனும்தான். அதே நேரத்தில் ஈர நெல் வந்து இறங்குகிறது, களத்தில் காயவைக்க வெயில் இல்லை. ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நெல்லை அடுக்கிவைத்தால் பூஞ்சையும் வண்டும் விருந்துக்கு வந்துவிடும். தையிலும் மாசியிலும் வேறு கதை: வயல் வெறுமையாகிவிடும், அங்கே தின்ன ஒன்றும் இல்லை, எலி கதிர் போன வழியே பின்தொடர்ந்து வரும். தஞ்சாவூர்க் கிட்டி வைத்து வயல் எலி பிடிக்கும் ஆட்கள் உங்கள் ஊரில் இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். எந்த வாரம் எலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று என்னைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

ஒரே தடவைதான் முடியும் என்றால் மழைக்காலத்தைத்தான் சொல்வேன். எல்லாரும் வெயில் காலத்தில் கூப்பிடுகிறார்கள், கட்டடம் காய்ந்து அழகாக இருக்கும். ஒழுகுகிற கூரையும் எதிர்த்து வருகிற சாக்கடையும் மழையில்தான் தெரியும்.

மூட்டை அட்டியில் வண்டு மாத்திரை போட்டு, கவரால் மூடி எடுத்தோம். இருபது நாளில் மறுபடி வண்டு. ஏன்?

டெல்டா ஆலைகளில் அதிகம் சொதப்பும் வேலை இது.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவைக் கக்கும். 3 கிராம் மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு. அந்த வாயு கவருக்குள் போதிய அளவில் 5 முதல் 7 நாள் வரை நிற்க வேண்டும். தவழும் புழுவும் ஓடும் வண்டும் சீக்கிரம் செத்துவிடும். மணிக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் சாவதற்குத்தான் அத்தனை நாள். நடப்பது என்ன? லாரி வந்து நிற்கிறது என்று மூன்றாம் நாளே கவரைத் தூக்கிவிடுகிறார்கள். மேலே செத்த வண்டு குவிந்து கிடக்கும், பார்க்கிறவருக்குத் திருப்தி. முட்டை பொரிந்து வளர்ந்து வெளியே வர மூன்று நான்கு வாரம். உங்கள் இருபது நாள் கணக்கு அதுதான்.

இன்னொரு கோளாறு கசிவு. பழைய தார்ப்பாயில் ஊசி ஓட்டை, ஓரத்தில் மணல் பை வைப்பதற்குப் பதில் நாலைந்து செங்கல், அட்டியின் கீழே தரையில் வெடிப்பு. வாயு அரைகுறையாக நின்றால் வண்டில் பலசாலி மட்டும் பிழைத்து அடுத்த தலைமுறையைப் பெறும். இந்தியாவில் மாவு வண்டிலும் நெல் துளைப்பான் என்ற வண்டிலும் பாஸ்பீனைத் தாங்கும் வகைகள் உருவாகியிருப்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். அதற்கு நாம் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் உதவியிருக்கிறோம்.

மதிப்பீட்டில் நான் கேட்பது ஒரே காகிதம். கவர் போட்ட நேரம், எடுத்த நேரம், உள்ளே வாயு எவ்வளவு இருந்தது என்று மீட்டர் வைத்து எடுத்த அளவு, காற்றோட்டம் விட்ட பிறகு எடுத்த அளவு. பெரும்பாலும் கையில் கிடைப்பது "மாத்திரை 45 போடப்பட்டது" என்ற ஒற்றை வரி. ஆள் உள்ளே போவதற்கு முன் வாயு 0.3 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே இறங்கியிருக்க வேண்டும், அதை மூக்கால் தெரிந்துகொள்ள முடியாது. இந்த மாத்திரையை உரிமமும் அனுமதியும் உள்ளவர்கள்தான் வாங்கவும் போடவும் முடியும். உரக்கடையில் தெரிந்தவர் மூலம் ஒரு டப்பா வாங்கி மேஸ்திரியை விட்டுப் போடச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆலையில் என் அறிக்கையின் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

எந்த மருந்து அடிக்கலாம், எது கூடாது?

பட்டியல் தருவது என் வேலை இல்லை, பாட்டிலைப் பார்ப்பது என் வேலை. மருந்து ஸ்டோர் அறையைத் திறக்கச் சொல்வேன். லேபிள் கிழிந்த கேன், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்த வெள்ளைத் திரவம், வயலுக்கு வாங்கி மிச்சமான பூச்சிமருந்து, இந்த மூன்றில் ஒன்றாவது கிடைக்காத இடம் குறைவு. டைக்ளோர்வாஸ், அதாவது டிடிவிபி என்ற பூச்சிமருந்து, 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. அதற்குப் பிறகும் பழைய சரக்கு என்று சொல்லி யாராவது அடித்தால் நிறுத்துங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்கும் தமிழ்நாட்டில் தடை. விஷ எலிமருந்து எதுவானாலும் வெளிச்சுற்றில், பூட்டிய பெட்டிக்குள்தான். உணவு இருக்கும் அறைக்குள் கூண்டோ பொறியோ மட்டும்.

பூனை வளர்க்கலாமா?

கூடாது. பூனையும் விலங்குதான், அதன் முடியும் மூத்திரமும் அரிசியில் சேரும். சட்டமும் விடாது. வாட்ச்மேன் ரூமோடு அது நின்றுகொண்டால் நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

நாகப்பட்டினம் பக்கம் இறால் கூடம் நடத்துகிறோம். வண்டுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?

வண்டு இல்லை, உங்களுக்கு ஈ. இறால் தலையும் ஓடும் போடும் தொட்டி எத்தனை மணிக்கு ஒருமுறை வெளியே போகிறது, எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. சரக்கு இறங்கும் வாசலில் காற்றுத்திரை, அதாவது ஈ வராதபடி மேலிருந்து காற்றடிக்கும் இயந்திரம், மாட்டியிருப்பீர்கள். ஒரு நீளமான செய்தித்தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று மெல்லக் கீழே இறக்குங்கள். இடுப்பு உயரத்தில் தாள் ஆடாமல் தொங்கினால் ஈ கீழ்வழியாக ஜாலியாக வரும். ஷாக் அடித்துக் கொல்லும் வகை விளக்கு மேஜைக்கு மேலே இருந்தால் கழற்றிவிடுங்கள், ஈயின் காலும் இறக்கையும் தெறித்து சரக்கில்தான் விழும்.

குளிர் அறைக்குள் பூச்சி எதுவும் பெருகாது என்பது உண்மைதான். அதன் வெளிச்சுவரில் கம்ப்ரஸர் பக்கத்துச் சூட்டுக்கும் மின்பெட்டிக்குள் இருக்கும் வெதுவெதுப்புக்கும் கரப்பான் குடும்பமே குடியிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வேன். ஏற்றுமதி ஆய்வு கவுன்சில் ஒப்புதல் இருக்கும் கூடங்களில் காகிதம் கச்சிதமாக இருக்கும். அதனாலேயே அங்கே காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு டார்ச்சோடுதான் ஆரம்பிப்பேன்.

கல்யாண மண்டபம், கோயில் மடப்பள்ளிக்கு எல்லாம் இது அதிகப்படி இல்லையா?

முழு மதிப்பீடு அதிகப்படிதான். அரை நாள் பார்வை போதும். மண்டபத்தில் பிரச்சினை முகூர்த்தம் இல்லாத மாதம்: ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் சமையல்கட்டில் சாக்கடை மூடிக்குள் வழியை அடைத்து நிற்கும் தண்ணீர் வற்றிப்போய், பெரிய கரப்பான் குழாய் வழியாகவே ஏறிவரும். வாரம் ஒருநாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. கோயில்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் போக் என்ற சான்றிதழ் இருக்கிறது, அதற்குத் தணிக்கை உண்டு. மடப்பள்ளியில் பழைய மரப் பரணும் கல்சுவர் இடுக்கும் இருக்கும், கண்டபடி மருந்து அடிக்க முடியாது, கூடாது. அரிசி, பருப்பை மூடி போட்ட தகர டின்னுக்கு மாற்றுவதுதான் அங்கே முதல் வைத்தியம்.

அறிக்கையை வைத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரைத் திட்டி அனுப்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். என் அறிக்கைகளில் ஒவ்வொரு குறைக்கும் எதிரே யார் செய்ய வேண்டும் என்று எழுதியிருப்பேன். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் உங்கள் பெயர்தான் இருக்கும்: ஷட்டர், குழி, அட்டி இடைவெளி, உமிக்குவியல், பழைய சாக்கைத் திரும்பப் பயன்படுத்துவது. ஒப்பந்தக்காரரைக் கூட உட்காரவைத்து ஒன்றொன்றாகப் படியுங்கள். நல்லவராக இருந்தால் முகத்தில் நிம்மதி தெரியும், அவர் மனதில் இருந்ததை யாரோ எழுதிக்கொடுத்துவிட்டார்கள் அல்லவா. ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுக்கொண்டு, மூன்று மாதத்தில் அதே ஆளை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தையும் அப்போதே திருத்துங்கள்: வருடத்துக்கு இத்தனை தடவை மருந்து என்பதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வருகைக்கும் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று போடுங்கள். தொகை கூடத்தான் செய்யும்.

யார் பணம் கொடுப்பது?

நீங்கள். ஒப்பந்தக்காரர் தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். நடுத்தர அரிசி ஆலைக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும், இறால் கூடத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். நாள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். எத்தனை குறை கண்டுபிடித்தார் என்ற கணக்கில் பேசவே பேசாதீர்கள்.

அன்றைக்கு நாங்கள் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

ஒப்பந்த நகல், பெட்டிகள் இருக்கும் வரைபடம், கடைசி ஒரு வருட ரெஜிஸ்டர், ஒப்பந்தக்காரரின் உரிமம், மருந்துகளின் லேபிள், எல்லாச் சாவியும். ஏணி ஒன்று. முதல்நாள் மட்டும் தயவுசெய்து கூட்டிப் பெருக்காதீர்கள், பெட்டிகளைத் துடைத்துப் புது மருந்து வைக்காதீர்கள். செய்திருந்தால் ஃபினாயில் வாசனையிலேயே தெரிந்துவிடும், நான் இன்னொரு நாள் சொல்லாமல் வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று, நைட் டூட்டி வாட்ச்மேனை அன்று பகலில் அரை மணி நேரம் இருக்கச் சொல்லுங்கள். எந்த ரெஜிஸ்டரிலும் அவருக்கு ஒரு கட்டம் இருக்காது, அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஓர் ஆலையில் காலையிலிருந்து தேடியும் எலி வரும் வழி பிடிபடவில்லை. வாட்ச்மேன் பெரியவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "பத்தேகால் பஸ் போனதுக்கு அப்புறம் அந்தத் தவிட்டுக் குழாய் வழியா இறங்கும் சார். முதல்ல பெருசு, பின்னாடியே நாலு குட்டி."